கப்பல் டாக்டரின் கவிதைகள்

டச்சுக் கவிஞர் ஸ்லவர்ஹாஃப் கப்பலில் டாக்டராக இருந்தவராமே! அவரை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?
– வாசகி, காரைக்குடி

ஆமாம். 1898-ல் லேவார்டன் நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஆஸ்துமா. கோடை விடுமுறைகளை வ்லீலாந்து தீவில் கழித்தபோது கடல்மேல் பித்துப் பிடித்தது; கடைசிவரை விடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் மருத்துவம் முடித்த 1923-லேயே முதல் கவிதைத் தொகுப்பும் வந்துவிட்டது. பிறகு அந்த நோஞ்சான் உடம்போடு ஜாவா, சீனா, ஜப்பான் என்று ஓடும் கப்பல்களில் வேலை. துறைமுகம், மாலுமி, ஓரிடத்தில் தரிக்காத மனசு என்று அவர் எழுதியதெல்லாம் அங்கே கிடைத்ததுதான்.

நடனக் கலைஞர் டார்யா கொலினை 1930-ல் மணந்தார், 1935-ல் பிரிவு. மொராக்கோவின் டான்ஜியரில் மருத்துவம் பார்த்தும் காலூன்றவில்லை. 1936-ல், 38 வயதில் மறைந்தார்.

'தடைசெய்யப்பட்ட ராஜ்யம்' (1932) நாவலில் தொடங்குங்கள், ஆங்கிலத்தில் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கவி கமோயிஷும், 20-ஆம் நூற்றாண்டுக் கப்பலின் ஐரிஷ் ரேடியோ ஆபரேட்டரும் மெல்ல மெல்ல ஒரே ஆளாகிப்போகிறார்கள். நடுவில் தலை சுற்றும். விடாமல் படியுங்கள், அபாரமான நாவல்.