நோயும் பழியும்

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றை வேலூரில் ஆய்ந்தபோது சிலவற்றில் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

தொற்றுற்றோரை உற்றாரும் அயலாரும் ஒதுக்கினர். நோயினும் அவ்விலக்கமே அவர்களை மிகுதியும் வாட்டியது. பலர் மனம் சோர்ந்தனர். இதனைக் கண்ட சுனிதி, 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். பரிசோதனையும் ஆலோசனையும் அங்கு ஒருங்கே கிடைத்தன.

தொடுவதாலோ, சேர்ந்துண்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது. நாள்தோறும் உரிய மருந்து உட்கொள்வோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். தொற்றுள்ள குழந்தைக்குப் பள்ளியில் இடம் மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மனநோயும் மருத்துவத்தால் தணியும் நோயே. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. கார்டன் ரீச்சில் பல மொழியினரும் நெருங்கி வாழ்கின்றனர். ஊர்விட்டு வந்தோர்க்கு மனத்துயரை வேற்றுமொழியில் உரைப்பது அரிது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
விலக்கம் – ஒதுக்கிவைத்தல்
நாணுதல் – வெட்கப்படுதல்

வினாக்கள்
1. எச்.ஐ.வி. எவ்வெவற்றால் பரவாது?
2. தொற்றுற்றோரை நோயினும் மிகுதியாக வாட்டியது எது? ஏன்?
3. தொற்றுள்ள மாணவன் உம் வகுப்பில் சேர்ந்தால் நீவிர் எவ்வாறு நடந்துகொள்வீர்? ஐந்து வரிகளில் எழுதுக.