தறியின் அட்டையும் கணினியின் நிரலும்



கணினி என்றாலே அது எங்கேயோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கணினிக்கு எழுதும் நிரலின் தாத்தா, நம்ம சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலைத் தறி மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறார். எப்படி என்று பார்ப்போமா?

நிரல் என்றால் என்ன?

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்த கட்டளைகளே நிரல். நாலைந்து வரியில் முடிந்துவிடும் சின்ன நிரலை ஸ்கிரிப்ட் என்பார்கள். திரும்பத் திரும்பச் செய்கிற வேலைக்கு இதை ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். அப்புறம் எத்தனை தடவை சொன்னாலும் கணினி சலிக்காமல் செய்யும்.

அட்டை எப்படி வேலை செய்கிறது?

முன்பு பூ வேலை செய்த துணி நெய்ய, நெசவாளர் ஒருவர் போதாது. எந்தெந்தப் பாவு நூல் மேலே போக வேண்டுமோ அதற்கான கயிறுகளை இழுக்க, ஒரு சிறுவன் நாள் முழுக்கத் தறியோடு கிடக்க வேண்டும். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு, தமக்கு முன்னே சிலர் செய்த முயற்சிகளைச் சேர்த்து, 1804 ஆம் ஆண்டில் அந்த வேலையை அட்டைக்குக் கொடுத்தார்.

அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும். கொக்கி தூக்கும், பாவு நூல் மேலே வரும். துளை இல்லையென்றால் ஊசி பின்னால் தள்ளப்படும், நூல் கீழேயே இருக்கும். ஊடை நூல் ஒரு தடவை போக ஓர் அட்டை. எல்லா அட்டைகளையும் வரிசையாகக் கோத்து மாலை போலச் சுற்ற விடுவார்கள். என் பெரியப்பா தறி ஓட்டுகிறவர். "அட்டை சொல்லும், தறி கேக்கும். அவ்ளோதான் கண்ணு" என்பார்.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட நோட்டில் ஒரு வரியை ஓர் அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் துளை, கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். 0 என்றால் சும்மா விடுங்கள்.

0 0 1 0 0
0 1 0 1 0
1 0 0 0 1
0 1 0 1 0
0 0 1 0 0

டைமண்டு வந்துவிட்டதா? அட்டை மாலை சுற்றச் சுற்ற டைமண்டுக்கு மேல் டைமண்டாக வந்துகொண்டே இருக்கும். இப்போது மூன்றாவது வரியில் முதல் 1ஐ 0 ஆக்கிப் பாருங்கள். ஒரு டைமண்டில் மட்டுமா மூலை உடையும்? சேலை முழுக்க அத்தனையிலும் உடையும்!

கணினியில் இதே கதை

தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கியது. அதில் ஒன்பதாம் வாய்ப்பாடு:

எ = 1
@(எ <= 10) வரை
பதிப்பி எ, "முறை 9 =", எ * 9
எ = எ + 1
முடி

'எ' 1இல் தொடங்குகிறது. 10 ஆகும் வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரி அச்சாகிறது. 10ஐ 100 ஆக்கினால் நூறு வரி வரும், நிரலோ அதே ஐந்து வரிதான். ஆனால் நான்காவது வரியை விட்டுவிட்டால்? 'எ' 1ஆகவே நிற்கும். "1 முறை 9 = 9" என்று நாம் நிறுத்தும் வரை அச்சாகிக்கொண்டே இருக்கும். ஒரு துளை விட்டுப்போன தறி மாதிரிதான்.

தறியிலிருந்து கணினிக்கு

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு ஜக்கார்டு அட்டையையே எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்தைத் தறியோடு ஒப்பிட்டு 1843இல் விளக்கி எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையும் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணினார்கள்.

யாருக்கு லாபம்?

அட்டை வந்ததால் கயிறு இழுத்த சிறுவர்களின் கை விடுபட்டது. ஆனால் பிழைப்பு போய்விடும் என்று லியோன் நெசவாளர்கள் எதிர்க்கவும் செய்தார்கள். இன்று நம் பக்கமும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அதற்கு அட்டையே வேண்டாம், டிசைன் கணினியிலிருந்து நேராகப் போகிறது. அப்படியானால் அட்டை குத்தியே பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? எந்தத் துளை எங்கே வரணும் என்று அவர்களுக்குத் தெரிந்த கணக்கு கணினிக்கும் வேண்டியதுதான். அதைக் கணினியில் செய்ய அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம்மில் ஒருவராக இருக்கக் கூடாது?

ஆகவே நண்பர்களே, பொத்தானை அழுத்த மட்டும் கற்றுக்கொண்டால் போதாது, கட்டளையை எழுதவும் கற்போம். எழுதியதை ஓட்டுவதற்கு முன்னால் வரி வரியாகச் சரிபார்ப்போம்.

சிந்திக்க: மேலே உள்ள கட்டத்தில் 0 எல்லாவற்றையும் 1 ஆகவும், 1 எல்லாவற்றையும் 0 ஆகவும் மாற்றினால் என்ன உருவம் வரும்? வரைந்து கொண்டுவந்து காட்டுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி