நானே செய்த தூண்டில்

போன கோடை விடுமுறையில் வீட்டிலேயே தூண்டில் செய்தேன். முதலில் செய்தது முறிந்தது. இரண்டாவது நின்றது. ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

என் தவறு: பச்சை மூங்கிலை வெட்டிய அன்றே வேலையை ஆரம்பித்தேன். வழவழப்பாக இருக்கட்டும் என்று மேல்தோலைக் கத்தியால் சீவினேன். மறுநாள் குளத்தில் பெரிய விரால் ஒன்று மாட்டியது. இழுத்தேன். படக்! நுனி ஒடிந்து, நரம்போடும் முள்ளோடும் மீன் போயே போச்சு. வாயில் முள்ளோடு அது அலையுமே என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாத்தா ஒடிந்த கம்பைப் பார்த்துவிட்டு, "ஏல, தோலச் சீவிட்டா கம்பு எப்படில நிக்கும்? மூங்கிலுக்குப் பலமே தோல்லதான இருக்கு" என்றார்.

அறிவியல் என்ன?
மூங்கில் மரம் அல்ல, புல் வகை. அதன் நார்கள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்பக்கம் குறைவாகவும் இருக்கும். கம்பு வளையும்போது ஒரு பக்கம் நீளும், எதிர்ப்பக்கம் அமுங்கும், நடுவில் வேலை குறைவு. இழுப்பைத் தாங்குவது வெளிப்பக்கம்தான். நான் அதைத்தான் சீவி எறிந்தேன்!

அமெரிக்கா, இங்கிலாந்தில் டிரவுட் மீன் பிடிக்க, இறகு கட்டி ஈ போலச் செய்த முள்ளை வீசுவார்கள். அந்தத் தூண்டிலை மூங்கிலிலும் செய்வதுண்டு. மூங்கிலை 6 முக்கோணக் கீற்றுகளாக்கி, தோல் வெளியே இருக்கும்படி ஒட்டுவார்கள். 6 x 60 = 360 டிகிரி. அறுகோணம்! சீனாவின் குவாங்டாங் மூங்கில் இதற்குப் பேர்போனது. அவர்களும் தோலைக் காப்பாற்றுகிறார்கள், பாருங்கள்.

தேவையானவை: பத்தடி மூங்கில், நைலான் நரம்பு, முள், சிறிய இரும்பு நட்டு (ஈயம் விஷம், வேண்டாம்), பழைய ரப்பர் செருப்புத் துண்டு.

செய்முறை:
1. முற்றிய மூங்கிலை நிழலில் ஒரு மாதம் காய வையுங்கள். பச்சைக் கம்பு வளைந்தபடியே நின்றுவிடும்.
2. கணுவில் துருத்துவதை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள்.
3. கோணல் இருந்தால் பெரியவர்கள் உதவியோடு அனலில் காட்டி நிமிர்த்தி, ஆறும்வரை பிடியுங்கள்.
4. நரம்பை நுனியில் மட்டும் கட்டாதீர்கள். கம்பின் நடுவில் கட்டி, சுற்றிக்கொண்டே போய் நுனியிலும் கட்டுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் நரம்போடு போகாது.
5. செருப்புத் துண்டுதான் தக்கை. அதற்குக் கீழே நட்டு, கடைசியில் முள்.

இரண்டாவது தூண்டிலில் ஒரு ஜிலேபி கெண்டை கிடைத்தது. கம்பு வில்லாக வளைந்து, திரும்பவும் நிமிர்ந்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

கவனிக்க: தனியாகக் குளத்துக்குப் போகாதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும்.

– எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்