புதுக் கணினியா, புது விண்டோஸா?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்தியது. அதற்காகப் பழைய கணினி மறுநாளே நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. படம் பார்க்க மட்டும் வைத்திருப்பவருக்கு இது பெரிய தலையிடி அல்ல. வங்கிக் கணக்கையும் வருமான வரியையும் அதிலேயே பார்ப்பவர் சும்மா இருக்கக்கூடாது.

கடைக்குப் போகுமுன், இருக்கும் கணினி விண்டோஸ் 11க்குத் தேறுமா என்று ப்ரொசஸரைப் பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘சிஸ்டம்’ திறந்தால் பெயர் தெரியும். இன்ரெல் ஐ5-7200 என்றிருந்தால் 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 அதை ஏற்காது. 8250 என்றால் 8ஆம் தலைமுறை, தப்பிவிட்டது. மைக்ரோசொப்டின் இலவசச் செயலியான ‘பிசி ஹெல்த் செக்’கும் இதைச் சொல்லும். ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 இல்லை என்று அது கைவிரித்தால் உடனே நம்பாதீர்கள். பல கணினிகளில் டிபிஎம் பயாஸில் அணைந்து கிடக்கும். இன்ரெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

தேறாத கணினிக்கும் தவணை உண்டு. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. அமைப்புகளை அதன் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை.

“சரியான ஸ்லோ” என்பதுதான் குறை என்றால் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள். டாஸ்க் மானேஜரில் டிஸ்க் 100 வீதத்திலேயே நின்றால், பழைய ஹார்ட் டிரைவைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதே மருந்து.

எங்கள் ஆட்கள் மறந்துபோவது பாமினியை. கோயில் மலர், ஊர்ச்சங்க அறிக்கை, கலியாண அழைப்பிதழ் என்று பழைய கோப்புகள் பல அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. புதுக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் திறந்தவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பென்டிரைவில் எடுங்கள்; முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தட்டச்சுக்குக் கவலையில்லை, தமிழ்99ம் அஞ்சலும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

வாங்கத்தான் வேண்டுமென்றால் ஓகஸ்டில் பள்ளிக்கூட விற்பனை, நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே, டிசம்பர் 26 பொக்சிங் டே. 700 டொலர் விலைச்சீட்டில் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியான எச்எஸ்டி சேர்ந்தால் 791 என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிடுங்கள். அதேவேளை, 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. அடுத்த வருடம் மலியும் என்று காத்திருப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 8 ஜிபியோடு சமாளிக்கலாம் என்பார்கள், 16 கேளுங்கள். மனம் மாறினால் திருப்பி எடுக்கவேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் கடைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆகவே ரசீதின் பின்பக்கத்தைக் காசு கட்டுமுன் வாசியுங்கள்.

பழையதை ரொறன்ரோ நகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் கொடுக்கலாம், டிரைவைக் கழற்றிய பிறகு.