ஸ்லைடு திரைக்கு வந்தால் மட்டும் போதுமா?

பயாப்சி திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவந்த பேத்தாலஜி மருத்துவர்கள் பலர் இன்று கணினித் திரையில் பார்க்கிறார்கள். முதல்கட்ட நோயறிதலுக்கே இப்படிப் பார்க்கலாம் என்று 2017 ஏப்ரலில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த நாட்டில் இவ்வகையில் அதுதான் முதல் அனுமதி. கருவியோடு சில தப்பெண்ணங்களும் பரவியிருக்கின்றன.

நம்பிக்கை: மைக்ரோஸ்கோப்பில் செல்போனை வைத்து எடுக்கும் படம்தானே இது?

செல்போன், எடுப்பவர் தேர்ந்தெடுத்த ஓரிடத்தைத்தான் காட்டும். ஸ்லைடை வருடும் ஸ்கேனர் திசு முழுவதையும் பதிவுசெய்கிறது. 40 மடங்கு அளவில் ஒரு பிக்ஸல் சுமார் 0.25 மைக்ரான். 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவுக்கே 360 கோடி பிக்ஸல்கள். சுருக்காவிட்டால் சுமார் 10 ஜிபி.

நம்பிக்கை: திரையில் பார்த்தால் தவறு கூடும்.

2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 16 மருத்துவர்கள் 1,992 கேஸ்களை இரு வழிகளிலும் பார்த்தார்கள். முன்பே உறுதிசெய்த முடிவிலிருந்து பெரிதாக விலகியவை திரையில் 4.9 சதவீதம், மைக்ரோஸ்கோப்பில் 4.6 சதவீதம். மைக்ரோஸ்கோப்பும் பிசகாத கருவியல்ல என்பதை இரண்டாவது எண்ணே சொல்லிவிடுகிறது. ஆனால் 2017 அனுமதியில் செல் பரிசோதனை ஸ்மியர்களும், அறுவை சிகிச்சையின் நடுவே உறையவைத்துப் பார்க்கும் திசுவும் சேரவில்லை.

நம்பிக்கை: நல்ல ஸ்கேனர் வாங்கினால் வேலை முடிந்தது.

சிக்கல் தொடங்குவதே இங்கேதான். இடது திரையில் ஸ்லைடு, வலது திரையில் ரிப்போர்ட் மென்பொருள்; இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஒவ்வொரு கேஸுக்கும் எண்ணைத் தட்டித்தான் படத்தைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு போன் வருகிறது. பேசி முடித்து, வலது திரையில் அடுத்த நோயாளியைத் திறக்கிறார். இடது திரையில் இருப்பது பழைய ஸ்லைடு. ஒருவருடைய புற்றுநோய் இன்னொருவருடைய ரிப்போர்ட்டில் ஏற இந்தக் கவனப்பிசகு போதும்.

இரண்டையும் இணைத்துவிட்டால் கதை வேறு. ஸ்லைடு லேபிளில் உள்ள பார்கோடை ஸ்கேனர் படித்து, படத்தை உரிய கேஸ் எண்ணோடு சேர்த்துவிடும். பட்டியலில் பெயரைத் தொட்டால் அந்த நோயாளியின் ஸ்லைடுகள் எல்லாம் திறக்கும். ரிப்போர்ட்டில் ஆளை மாற்றினால் படமும் மாறும். கூடுதல் சாயம் ஏற்றச் சொன்னால், புதிய ஸ்லைடும் அதே கேஸில் வந்து சேரும்.

லேபிள் கிழிந்திருந்தாலோ சைலீன் பட்டு அழிந்திருந்தாலோ பார்கோடைப் படிக்க முடியாது. அப்போது எந்தப் படம் யாருடையது என்று ஊழியர்தான் தேடிச் சேர்க்க வேண்டும். வெளிறிய கொழுப்புத் திசுவின் சிறு துண்டை ஸ்கேனர் கவனிக்காமல் விடுவதும் உண்டு. அதனால் ஸ்லைடின் முழுத்தோற்றப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: ரிப்போர்ட் உடனே கிடைக்கும், கண்ணாடி ஸ்லைடும் தேவைப்படாது.

திசு பார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மைக்ரோடோமில் சீவப்பட்டு, சாயம் ஏற எடுக்கும் நேரம் குறையாது. ஸ்கேன் செய்வது கூடுதல் வேலை. வெளியூர் நிபுணரின் கருத்தைக் கேட்பதில்தான் நாட்கள் மிச்சமாகும். கண்ணாடியைத் தூக்கிப்போடவும் முடியாது: அமெரிக்க பேத்தாலஜிஸ்டுகள் கல்லூரியின் விதிப்படி அறுவை சிகிச்சைத் திசுவின் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.