இறப்பு விகிதம்: கணக்கிடுதலும் ஒப்பிடுதலும்

ஒரு வட்டாரத்து மக்களின் உடல்நலத்தை மதிப்பிட உதவும் அளவுகோல்களுள் இறப்பு விகிதம் முக்கியமானது. ஓராண்டில் நேர்ந்த இறப்புகளை அவ்வாண்டின் நடுவில் இருந்த மக்கள் தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் பொது இறப்பு விகிதம் கிடைக்கும். கணக்கு எளிது. ஆனால் இரு ஊர்களையோ இரு மாநிலங்களையோ ஒப்பிடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

எந்த ஊரின் இறப்பு?

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழ் பேசுவோர் மிகுந்து வாழும் மார்டள்ளிக்கு அருகே சுள்வாடி உள்ளது. 2018 டிசம்பர் 14 அன்று அங்குள்ள மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்டவர்களுள் 17 பேர் மாண்டனர். பலர் மைசூரு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு இறந்தோரும் உண்டு. நம் நாட்டில் இறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகிறது. பதிவேட்டை மட்டும் நம்பினால் கிராமத்தார் இறப்பு நகரத்தின் கணக்கில் சேரும். ஆகவே, இறந்தவர் வழக்கமாக வசித்த ஊரைக் கொண்டே விகிதம் காண வேண்டும்.

மக்கள் தொகையின் அளவும் கருதத்தக்கது. 5,000 பேர் வாழும் பகுதியில் 17 இறப்புகள் விகிதத்தை 3.4 உயர்த்தும், பத்து இலட்சம் பேருள்ள மாவட்டத்தில் 0.017 மட்டுமே உயர்த்தும். எனவே சிற்றூர்களுக்குப் பல ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதே முறை.

எல்லாம் பதிவாயினவா?

விடுபட்ட இறப்புகளை மதிப்பிடும் வழியை சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் வெளியிட்டனர். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர் வட்டாரத்தில் அம்முறை பயன்படுத்தப்பட்டது. பதிவேட்டில் 80, தனியே நடத்திய வீட்டுக் கணக்கெடுப்பில் 90, இரண்டிலும் காணப்படுபவை 72 என்று கொள்வோம். 80-ஐ 90-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் மொத்தம் 100. இரு பட்டியல்களும் சேர்ந்து காட்டுவன 98. எனவே 2 இறப்புகள் இரண்டிலும் விடுபட்டன. ஒரு பட்டியலைப் பார்த்து மற்றதை எழுதினால் இம்மதிப்பீடு பயனற்றுப் போகும். 1969-70-ல் நாடெங்கும் செயற்பட்ட மாதிரிப் பதிவுத் திட்டமும் தொடர்ப் பதிவு, அரையாண்டுக் கணக்கெடுப்பு ஆகிய இரண்டையும் ஒப்புநோக்கிச் சரிபார்க்கிறது.

வயதமைப்பு ஒத்ததா?

தலா 10,000 பேர் கொண்ட இரு வட்டாரங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவதில் முதியோர் 1,000, இரண்டாவதில் 3,000. முதலாவதில் ஆயிரம் முதியோருக்கு 50 பேரும், ஏனையோரில் ஆயிரத்துக்கு 5 பேரும் இறக்கின்றனர். இரண்டாவதில் இவை முறையே 40, 4. எல்லா வயதிலும் இரண்டாவதே மேல். ஆயினும் பொது விகிதம் முதலாவதில் 9.5, இரண்டாவதில் 14.8. இரண்டுக்கும் முதியோர் 2,000, ஏனையோர் 8,000 என்ற ஒரே வயதமைப்பைப் பொருத்தினால் விகிதங்கள் 14.0, 11.2 என மாறுகின்றன. இதுவே வயதுத் தரப்படுத்தல்.

2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவின்படி கேரளத்தின் பொது இறப்பு விகிதம் 7.0, நாட்டின் சராசரி 6.0. அதே ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஒரு வயதுக்குள் இறந்தோர் கேரளத்தில் 6, நாட்டில் 28. கேரளத்தில் முதியோர் மிகுதி என்பதை மறந்து பொது விகிதத்தை மட்டும் நோக்கினால், நலம் மிக்க மாநிலம் பின்தங்கியதாகத் தோன்றும்.

மருத்துவர்களும் மருந்தும் நிதியும் எங்குத் தேவை என்பதை இவ்விகிதங்களைக் கொண்டே முடிவு செய்கின்றனர். பிழையான ஒப்பீடு, உதவி தேவைப்படும் ஊரைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்துவிடும்.