பொன்னுக்கு வீங்கியும் பிள்ளைப்பேறும்

அன்புள்ள முருகேசா,

சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தவன் என்று சொல்லி உன் அத்தை மகனுக்குப் பார்த்த சம்பந்தத்தைத் தட்டிக் கழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்தவர்கள் வீட்டில் இந்தப் பேச்சா என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அவனுக்கு அப்போது ஆறு வயது என்கிறாய். பருவமடையாத பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வைரஸ் விரையைத் தாக்குவது மிக அரிது. பருவம் வந்தபின், தடுப்பூசி போடாதவர்களுக்கு வந்தால்தான் சிக்கல்: 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கும். கன்னம் வீங்கி ஒரு வாரம் ஆகும்போது காய்ச்சல் மறுபடி ஏறும். தொட்டால் உயிர் போகும் வலி. விரையைச் சுற்றியுள்ள வெள்ளை உறை நெகிழாது. உள்ளே வீங்க இடமில்லாமல், விந்தணு உண்டாகும் நுண்குழல்கள் அழுத்தத்தில் நசுங்குகின்றன. வீங்கிய விரை பின்னாளில் ஓரளவு சுருங்கிப்போவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும்; மறுபக்கம் வேலையைப் பார்க்கும். இரு பக்கமும் வீங்கியவர்களில்கூட முழு மலட்டுத்தன்மை அபூர்வம்.

பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸின் கொள்ளைநோய்க் குறிப்புகளை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் காதோரம் வீங்கிய நோயாளிகளைப் பற்றி அதில் வருகிறது. மல்யுத்தக் களத்திலும் பயிற்சிக்கூடத்திலும் புழங்கிய இளைஞர்கள்தான் அதிகம், பெண்கள் குறைவு. பிறகு சிலருக்கு ஒரு விரையிலும் சிலருக்கு இரண்டிலும் வலி. வைரஸ் என்ற எண்ணமே இல்லாத காலம்! 2,400 ஆண்டுக்கு முன்பே நோயாளியின் வயதையும் வீக்கத்தின் பக்கத்தையும் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் எந்த வயதில் வந்தது என்றாவது கேட்டிருக்கக் கூடாதா?

இன்னொன்று. டெங்கு, கோவிட் என எந்தக் கடும் காய்ச்சலும் விந்தணு எண்ணிக்கையைச் சில காலம் குறைக்கலாம். புது விந்தணு உருவாகி வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். காய்ச்சல் விட்ட கையோடு பரிசோதனை செய்து, தாளைப் பார்த்து அழுவது வீண். மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். உன் அத்தை மகனுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு விந்துப் பரிசோதனை போதும், ஊர் வாய் வேண்டாம்.

உன் தம்பி விடுதியில் சேரப்போகிறானே, அவனைக் கவனி. நெருக்கமாகத் தங்கும் இடத்தில் இந்நோய் வேகமாகப் பரவும். 2017-ல் பள்ளியில் அவனுக்குப் போட்டது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அது பொன்னுக்கு வீங்கியைத் தடுக்காது. மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேள். இல்லையென்றால் விடுதிக்குப் போகுமுன் மருத்துவரிடம் அழைத்துப் போ.

அன்புடன்,
உன் ஆசிரியர்